குருதியும் ஏடும்: மனித வரலாற்றில் மரபணுவும் பண்பாடும்

நம் கல்விக் கழகம் தன் வெள்ளி விழாவைக் கொண்டாடும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு கழகப் பெரியோர் என்னைப் பணித்தனர். தியாகதுருகக் கோட்டையைப் பற்றி எழுதலாமா, திருக்கோவலூர் மலையமான்களைப் பற்றி எழுதலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது வகுப்பறையில் எழுந்த ஒரு வினா என் நினைவிற்கு வந்தது. மன்னர் கதையைவிட அவ்வினாவிற்கு விடை கூறுவதே நம் இளைஞர்க்குப் பயன்படும் எனத் துணிந்தேன்.

கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பிற்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த நாள் அது. பாடம் முடிந்ததும் கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். நம் தெருப் பிள்ளைதான். "சார், படிப்பு எங்க ரத்தத்துலயே இல்லேன்னு ஊர்ல சொல்றாங்க. அது நெசங்களா?" என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை.

நானும் அவ்வினாவோடு வளர்ந்தவனே. நான் சிறுவனாக இருந்தபோது, ஏர் பிடிக்கும் கைக்கு எழுத்து வருமா என்று எங்களைப் பார்த்துக் கேட்ட ஆசிரியர் ஒருவர் உண்டு. அன்று அவருக்கு மறுமொழி கூற எனக்குத் தெரியவில்லை. அம்மாணவனிடம், "பொய்யப்பா, உட்கார்" என்று மட்டும் சொன்னேன். வீட்டிற்கு வந்த பின்னர் என் நெஞ்சு என்னைக் குத்தியது. ஒன்றைப் பொய் என்றால் போதாது. ஏன் பொய் என்று காட்டவும் வேண்டும். நான் வரலாறு பயின்றவன். அறிவியல் ஆசிரியன் அல்லேன். ஆயினும் உடன் பணியாற்றும் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும், நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகின்றேன்.

இருவகை உடைமை

ஒவ்வொரு மனிதனும் தன் முன்னோரிடமிருந்து இருவகை உடைமைகளைப் பெறுகின்றான். ஒன்று, தாய் தந்தையர் வழியே உடலுக்குள் வருவது. இதனை மரபணு என்பர். உடலின் உயிரணுக்களில் நீண்ட ஏணியை முறுக்கியது போன்ற ஒரு பொருள் இருக்கின்றது. அதன் வடிவத்தை 1953-இல் வாட்சன், கிரிக் என்னும் இரு அறிஞர் உலகிற்கு அறிவித்தனர். நம் கண்ணின் நிறம், குருதியின் வகை முதலானவற்றிற்குரிய குறிப்புகள் அதில் அடங்கியுள்ளன.

மற்றொன்று, காது வழியாகவும் கண் வழியாகவும் வருவது. மொழி, தொழில், சமையல், மருந்து, பாட்டு, மணமுறை, எழுத்து ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இதனைப் பண்பாடு என்கிறோம். மரபணுவைப் பெற்றோர் மட்டுமே தர இயலும். பண்பாட்டையோ ஆசிரியர் தரலாம்; அண்டை வீட்டார் தரலாம்; பல்லாயிரம் ஆண்டுக்கு முன் மறைந்த ஒருவர் ஏட்டின் வழியே தரலாம்.

இவ்விரண்டும் தனித்தனியே ஓடும் ஆறுகள் என்று முன்னர்ப் பலர் எண்ணினர். அவை ஒன்றோடொன்று கலந்து, ஒன்றன் போக்கை மற்றொன்று மாற்றி வந்துள்ளன என்பது இன்று அறிஞர் கண்ட உண்மை. கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறந்து வருகின்றது. நீர் பாறையை அரித்துத் தன் வழியை அமைக்கின்றது. பாறையின் அமைப்போ நீர் செல்லும் திசையைத் தீர்மானிக்கின்றது. மரபணுவும் பண்பாடும் அவ்வாறே என்று கொள்க.

கல்லும் நெருப்பும்

இவ்வுறவு மிகப் பழமையானது. 1863-இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். இன்றைய மனித இனம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகள் அளவே ஆகின்றன. ஆதலின் அக்கருவிகளைச் செய்தவர் நமக்கும் முற்பட்ட பழைய மனிதர்.

கருவி செய்யும் பழக்கம் வந்த பிறகு, கருவியை நன்கு கையாளத்தக்க விரல்களும், பிறர் செய்வதைப் பார்த்துக் கற்கும் மூளையும் உடையோர் பிழைத்துப் பல்கினர். நெருப்பில் சமைக்கத் தொடங்கியதால் கடினமான உணவை மெல்லும் பெரிய தாடைக்குத் தேவை குறைந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். எனவே, கையினால் மட்டும் கருவி உருவாகவில்லை. கருவியாலும் கை உருவாயிற்று. கற்றல் என்பது மனித உடலையே வனைந்த தொழில். அத்தொழில் ஒரு சிலரின் குருதிக்கே உரியது என்பது எத்துணைப் பேதைமை!

மோரும் காய்ச்சலும்

அண்மைக் காலச் சான்றுகள் இரண்டினைக் காண்போம்.

பாலில் ஒருவகைச் சர்க்கரை உண்டு. அதனைச் செரிக்கச் செய்யும் நொதி குழந்தைப் பருவத்தில் எல்லாருக்கும் சுரக்கின்றது. வளர்ந்தபின் பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடும். மனிதன் மாடு வளர்த்துப் பால் கறக்கத் தொடங்கிய சில ஆயிரம் ஆண்டுகளில், வளர்ந்த பின்னும் அந்நொதி சுரக்கும் மரபணு மாற்றம் மேய்ச்சல் மக்களிடையே பெருகிற்று. ஐரோப்பியரிடம் காணப்படும் அதே மாற்றம் இந்தியாவிலும், சிறப்பாகக் கால்நடை மேய்ப்போரிடையே, காணப்படுவதாக 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. மாட்டுத் தொழில் என்னும் பண்பாடு மரபணுவை மாற்றிய வரலாறு இது. தென்னகத்தில் அம்மாற்றம் குறைவு. ஆயினும் நம் மூதாட்டியர் வேறு வழி கண்டனர். பாலை உறைய வைத்தால் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையில் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடும். வெறும் பால் ஒவ்வாத வயிற்றிற்கும் மோர் ஒத்துக்கொள்வது இதனாலேயே. உடல் செய்யாததை உறைமோர் செய்தது.

இரண்டாவது சான்று துயரம் கலந்தது. காட்டை அழித்து மனிதன் உழவு செய்த இடங்களில் வெயில்படும் நீர்க்குட்டைகள் பெருகின, கொசு பெருகியது, மலேரியாக் காய்ச்சல் பெருகியது. அக்காய்ச்சலிலிருந்து ஓரளவு காக்கும் மரபணு மாற்றம் ஒன்று சில மக்களிடையே நிலைபெற்றது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் அதனைப் பெற்ற பிள்ளைக்கு அது கேடயம். இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கோ அதுவே வாள். சிவப்பணுக்கள் கதிரறுக்கும் அரிவாள் போல வளைந்து, குருதிக் குழாய்களை அடைத்து, தாங்கொணா வலியைத் தரும். இதுவே அரிவாளணுச் சோகை. மலேரியாவிற்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1954-இல் அல்லிசன் என்னும் மருத்துவ அறிஞர் நிலைநாட்டினார்.

இந்தியாவில் இவ்வணுவை முதன்முதலில் கண்டறிந்த இடம் நம் தமிழ்நாட்டு நீலகிரியே. அங்கு வாழும் பழங்குடியினரிடையே லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் 1952-இல் இதனைக் கண்டனர். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜூலையில், இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கத்தை மைய அரசு தொடங்கியது. நோயின் பெயர் தெரிந்த பின்னும் ஏழைகளின் வாயிலுக்கு மருத்துவம் வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதை இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையேறிய அண்ணன்மார்

நம் கண்முன் நிற்கும் கல்வராயன் மலைக்கு இனி வருவோம். அங்கு வாழும் மலையாளி மக்கள் தமிழே பேசுகின்றனர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்றும், அண்ணன் தம்பியர் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே வழிவழி வந்த கதை உண்டு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் பெயர்களால் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைக் குடிகள் குறிக்கப்படுவதாகத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூல் தொகுதியில் எழுதியுள்ளார். கதையின் நிகழ்ச்சிகள் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, அதன் கருத்து ஆழமானது. பிரிந்து வாழ்வோர் பிறப்பால் வேறானவர் அல்லர். ஒரு தாய் வயிற்றிலிருந்து வழி பிரிந்தவர் என்பதே அக்கருத்து.

மலையேறியோர் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தனர். காட்டுத் தேனையும் கிழங்கையும் அறிந்தனர். சமவெளியாரோடு மணவுறவு அற்றது. மலையை ஆண்ட ஜாகீர்தாரர்களின் பிடி 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகே அம்மக்களுக்கு அப்பிடி நீங்கியது. ஒரு கூட்டத்தாரை மலையும் அதிகாரமும் சேர்ந்து தனிமைப்படுத்தினால், அவர்தம் மரபணு ஓட்டமும் தனிப்படுகின்றது. இங்குச் சுவர் எழுப்பியது இயற்கை பாதி, மனிதன் பாதி. சமவெளியில் எழுந்த சுவரோ முழுவதும் மனிதன் கட்டியது. அதன் பெயர் சாதி.

மூக்கை அளந்த அறிவியல்

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் சாதியை இனமெனக் காட்டப் பெருமுயற்சி நடந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதியின் உயர்வு தாழ்வைக் கணிக்கலாம் என்று கருதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டனும் அளவுகோலும் கையுமாகத் தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். நம் முன்னோர் எத்தனையோ பேர் அந்த அளவுகோலின் முன் ஒன்றும் புரியாமல் நின்றிருப்பர்.

அந்த அளவுகோலைக் கையிலிருந்து பிடுங்கி, அளந்தவர்களையே அளந்து காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1916 மே 9-ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் வயதில், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஆய்வுரை ஒன்று படித்தார். சாதியின் உயிர்நிலை அகமணம், அதாவது தன் கூட்டத்திற்குள்ளேயே மணம் முடித்தல் என்று அவ்வுரையில் நிறுவினார். மக்கள் முன்னரே கலந்துவிட்டனர். கலந்த பின்னர் அகமணம் மேலே ஏற்றி வைக்கப்பட்டது என்பது அவர் முடிபு. 1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில், ஒரு நிலப்பகுதியின் பார்ப்பனரும் அதே நிலப்பகுதியின் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தார் அல்லர் என்று வாதிட்டார். 1948-இல் எழுதிய நூலில், மூக்களவுப் புள்ளிகளைக் கொண்டே மூக்களவுக் கொள்கையை முறியடித்தார்.

தமிழகத்திலும் அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இதழ் தொடங்கி, தாழ்வு என்பது பிறப்பில் வந்ததன்று, வரலாற்றின் இடையில் சுமத்தப்பட்டது என்று வாரந்தோறும் எழுதினார். மரபணு ஆய்வு என்பதே தோன்றாத காலத்தில் இப்பெரியோர் ஏட்டையும் எண்ணத்தையும் கருவியாகக் கொண்டு இம்முடிவுகளை எட்டினர் என்பது வியத்தற்குரியது.

அணுக்கள் சொன்ன சான்று

அண்ணல் சொன்னதை ஒரு நூற்றாண்டு கழித்து ஆய்வுக்கூடங்கள் சோதித்தன. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்க அறிஞரும் இணைந்து 2009-இலும் 2013-இலும் ஆய்வுகளை வெளியிட்டனர். 2013 ஆய்வில் 73 கூட்டத்தாரின் மரபணுக்கள் ஆராயப்பட்டன. இன்றைய இந்தியர் ஏறத்தாழ அனைவரும் பழைய இரு பெருங்குடிகளின் கலப்பில் வந்தவர். அக்கலப்பு இன்றைக்கு 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரையிலான காலத்தில் நிகழ்ந்தது. அதன் பிறகே கலப்பு நின்று அகமணம் இறுகியது என்று அவர்கள் கண்டனர். கலப்பின் அளவு கூட்டத்திற்குக் கூட்டம் கூடும், குறையும். இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் கலவாத தூய குருதி என்று ஒன்று இந்நாட்டுச் சாதி எதனிடமும் இல்லை. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மேல்சாதியாரிடையே கலப்பு நின்றது ஏறத்தாழ எழுபது தலைமுறைக்கு முன்னர், குப்தர் காலத்தை ஒட்டி என்று கூறியது.

தமிழ்நாட்டிற்கென்றே தனி ஆய்வும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக அறிஞர் பங்கேற்ற அவ்வாய்வு 2012-இல் வெளிவந்தது. பழங்குடியினர் 12 கூட்டத்தாரும் ஏனையோர் 19 கூட்டத்தாருமாக 1,680 ஆடவரின் தந்தைவழி மரபு அதில் ஆராயப்பட்டது. இரு சாராரிடமும் மிகப் பெரும்பகுதி மரபுகள் பொதுவானவை. அவற்றின் வேர் 10,000 முதல் 30,000 ஆண்டுப் பழமையுடையது எனத் தெரிந்தது. வாழ்க்கைத் தொழிலை ஒட்டி மக்கள் கூட்டங்கள் பிரிந்தது வருணப் பாகுபாடு இங்கு வருவதற்கு முன்பே என்றும் அவர்கள் கூறினர். மலையில் வேட்டையாடியவனும் சமவெளியில் உழுதவனும் தொழிலால் பிரிந்தனர். அப்பிரிவில் மேல் கீழ் என்னும் ஏணி இல்லை. ஏணி பின்னால் கொண்டுவந்து சாத்தப்பட்டது.

இன்னொரு சான்றும் உண்டு. இதயத் தசைக்குரிய மரபணு ஒன்றில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போன குறை, இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதாக 2009-இல் கண்டறியப்பட்டது. நடுவயதிற்கு மேல் இதயம் தளர்ச்சியுறுவதற்கு அது ஒரு காரணம். முப்பதாயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட பழமையுடைய அக்குறை, மேற்சாதி கீழ்ச்சாதி என்று பாராமல் பரவிக் கிடக்கின்றது. கோயிலுக்குள் சேர்ந்து நிற்க மறுத்தவர்கள், ஒரே மூதாதையின் நோயைத் தத்தம் நெஞ்சிற்குள் சுமந்து திரிந்தனர் என்பதை எண்ணுங்கால் நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சுவரின் விலை

பண்பாடு மரபணுவைப் பாதிக்கும் என்றோம். அகமணம் அதற்குக் கொடிய எடுத்துக்காட்டு. ஒரு சிறு கூட்டம் நூறு தலைமுறை தனக்குள்ளேயே மணம் முடித்தால், முன்னோர் சிலரிடம் இருந்த குறை வழித்தோன்றல் பலரிடம் பரவுகின்றது. குறையுடைய மரபணு ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. தாய் தந்தை இருவரிடமும் அது இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு.

2017-இல் வெளியான ஆய்வொன்று 263 தென்னாசியக் கூட்டத்தாரை ஆராய்ந்து, அவர்களுள் 81 கூட்டத்தாரிடம் இத்தகைய நெருக்கம் மிகுதி எனக் கண்டது. ஆந்திர நாட்டு வணிகச் சமூகம் ஒன்றில், அறுவை மருத்துவத்தின்போது தரப்படும் தசை தளர்த்தும் மருந்தை உடல் முறிக்க இயலாத குறை, பிறரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு காணப்படுகின்றது. சாதிச் சுவர் கீழே உள்ளோரை மட்டும் தாக்கவில்லை. சுவரைக் கட்டியவர் வீட்டுப் பிள்ளைகளையும் தாக்குகின்றது.

இவ்விடத்தில் நம் வீட்டையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்மாமன் மணமும், அத்தை மகள், மாமன் மகள் மணமும் தமிழ்நாட்டில் பல சாதியாரிடமும் உள்ள வழக்கம். நம் மக்களும் இதற்கு விலக்கல்லர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றிற்கு மேற்பட்ட மணங்கள் உறவு மணங்களே. மாமனும் அக்காள் மகளும் மணந்தால், பிள்ளையின் மரபணுக்களுள் எட்டில் ஒரு பங்கு இருபுறமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த இணையாக அமையும். அத்தை மகளாயின் பதினாறில் ஒரு பங்கு. எல்லா உறவு மணமும் நோயில் முடியும் என்று நான் அச்சுறுத்தவில்லை. வாய்ப்பு கூடுகின்றது என்றே கூறுகின்றேன். சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காகச் செய்த வழக்கத்தை, காணி நிலமும் இல்லாத நாம் ஏன் விடாப்பிடியாகச் சுமக்க வேண்டும்? பெரியோர் இதனைச் சினவாமல் எண்ணிப் பார்ப்பார்களாக.

சட்டம் நமக்குத் துணை நிற்கின்றது. 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டம் சாதி மதம் கடந்த மணத்திற்கு வழி திறந்து வைத்தது. ஆயினும் சுவரைக் கடந்த இளைஞரும் இளம்பெண்களும் கொல்லப்படும் கொடுமை இந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. இயற்கை எதிர்பார்த்து நிற்கும் கலப்பை மனிதன் அரிவாளால் தடுக்கின்றான். ஆதலின் இளைஞர் துணிவோடு விழிப்பையும், அன்போடு சட்ட அறிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடலுக்கு ஆயிரம் ஆண்டு, ஏட்டிற்கு ஒரு தலைமுறை

மரபணு மாற்றம் மெல்ல நடப்பது. ஒரு மக்களிடையே பரவ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். பண்பாட்டு மாற்றமோ ஒரு தலைமுறைக்குள் நிகழ வல்லது. இவ்வேறுபாடே என் கட்டுரையின் நடுநரம்பு.

1961-இல் இந்தியாவில் பட்டியலினத்தாருள் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. 2011-இல் அது நூற்றுக்கு அறுபத்தாறாக உயர்ந்தது. ஐம்பது ஆண்டு என்பது இரண்டு தலைமுறை. அதற்குள் நம் மரபணு மாறியிருக்க இயலாது. அதே குருதிதான் ஓடுகின்றது; அதே கைதான் எழுதுகின்றது. மாறியது எது? பள்ளிக் கதவு திறந்தது. 1956-இல் காமராசர் ஆட்சி மதிய உணவு தந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதனைச் சத்துணவாக விரிவாக்கியது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. உதவித்தொகையும் விடுதியும் இடஒதுக்கீடும் வந்தன. நம் கழகம் போன்ற அமைப்புகள் மாலை வேளையில் விளக்கேற்றிப் பாடம் சொல்லின. படிப்பு இரத்தத்தில் இல்லை என்றவர்களுக்கு இவ்வெண்களே விடை.

உயரத்திலும் குட்டையிலும் மரபணுவிற்குப் பங்குண்டு. ஆயினும் வயிறார உண்ணாத பிள்ளை தன் மரபணு அனுமதித்த உயரத்தையும் எட்டுவதில்லை. நல்ல விதையையும் களர் நிலத்தில் இட்டுவிட்டு, விதை கெட்டது என்று கூறுவோர் உளர். 1972-இல் லெவொண்டின் என்னும் அறிஞர், மனிதரிடையே காணும் மரபணு வேறுபாட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு ஒரே கூட்டத்தினுள் இருப்பது என்று கணக்கிட்டுக் காட்டினார். கூட்டத்திற்கும் கூட்டத்திற்கும் இடையே உள்ளது எஞ்சிய சிறு பங்கே. பிறந்த தெருவைக் கொண்டு ஒரு பிள்ளையின் அறிவை முன்கூட்டிக் கணிப்பது அறிவியலுக்கு அடுத்ததன்று.

இனி, எழுதக் கை நடுங்கும் ஒன்றையும் எழுத வேண்டும். 2024 ஜூன் திங்களில், நம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருள் கூலித் தொழிலாளரே மிகுதி. அதில் கலந்திருந்த நஞ்சு மெத்தனால். அது உடலுக்குள் என்ன செய்கின்றது என்பதை இளைஞர் அறிய வேண்டும். நம் ஈரலில் சாராயத்தை முறிக்கும் நொதி ஒன்று உண்டு. பழுத்துப் புளித்த கனிகளை உண்ட முன்னோர் காலந்தொட்டு வந்த உடைமை அது. அந்நொதி மெத்தனாலையும் சாராயம் என்றே எண்ணி முறிக்கப் போய், அதனை ஃபார்மால்டிஹைடாக மாற்றிவிடுகின்றது; அது பின்னர் ஃபார்மிக் அமிலமாக மாறுகின்றது. அவ்வமிலமே கண் நரம்பை அழித்துப் பார்வையைப் பறிக்கின்றது; பின் உயிரையும் பறிக்கின்றது. காக்க வந்த காவலனே கொலைஞனாகின்றான்.

நேற்றுத் தோன்றிய நஞ்சிற்கு மரபணு விடை தராது. அது விடை தேடப் பல்லாயிரம் ஆண்டு வேண்டும்; அதுவரை நம் தெருக்கள் தாங்கா. அதற்கு விடை தர வல்லது பண்பாடு ஒன்றே. படித்த இளைஞன் தன் தந்தையின் கையைப் பிடித்துத் தடுப்பதும், பெண்கள் கூடிக் கடையை எதிர்த்து நிற்பதும், குடித்தவரைக் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், கூலி உழைப்பின் களைப்பை ஆற்ற வேறு வழி அமைப்பதும் பண்பாட்டின் வேலை. அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்டுப் பெறுவதும் அதில் அடங்கும்.

விடை

அன்று கடைசி வரிசையிலிருந்து கேட்ட தம்பிக்கு இன்று முழு விடை கூறுகின்றேன்.

தம்பி, உன் குருதியில் படிப்பு இல்லை என்பது உண்மையே. எவர் குருதியிலும் படிப்பு இல்லை. எழுத்து என்னும் கலை தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றே மேல் ஆகின்றது. மனிதகுல வரலாற்றில் அது கண்ணிமைப் பொழுது. எழுத்துக்கென்று தனி மரபணு எந்தச் சாதிக்கும் முளைக்கவில்லை. கேட்டும் பார்த்தும் கற்கவல்ல மூளையே எல்லாருக்கும் வந்தது. கல் உடைத்துக் கருவி செய்த மூதாதையர் முதல் உன் வரை, அம்மூளை அறுபடாமல் வந்து சேர்ந்திருக்கின்றது. இடையில் சில நூற்றாண்டுகள் ஏட்டை உன் பாட்டன் கைக்கு எட்டாமல் வைத்தவர்கள் உண்டு. எட்டாமல் வைத்ததனாலேயே, எட்டினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்பது விளங்கவில்லையா?

பெற்றோர் தந்த குருதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஏட்டைத் தேர்ந்தெடுக்கலாம். எவரோடு உண்பது, எவரை மணப்பது, எதைக் குடியாமல் விடுவது, பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்பன நம் கையில் உள்ளவை. இன்று நாம் தேர்வனவே நாளைய தலைமுறையின் குருதியையும் ஓரளவு வனையும் என்று அறிவியல் கூறுகின்றது. இதனினும் பெரிய பொறுப்பு எந்த மன்னனுக்கும் இருந்ததில்லை.

நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவது இப்பணியே. முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கித் தந்த கைகளும், கல்லூரிக் கட்டணத்திற்குத் தெருத்தெருவாய் நிதி திரட்டிய கால்களும் மனிதகுலத்தின் மிகப் பழைய தொழிலைத் தொடர்ந்தன. வெள்ளி விழா பொன் விழாவாகும் நாளில், அம்மாணவனின் பிள்ளைகள் இம்மலரை எடுத்துப் படித்து, இப்படியும் ஒரு வினா அக்காலத்தில் கேட்கப்பட்டதா என்று வியப்பார்களாக.

கற்போம், கற்பிப்போம், கலந்து வாழ்வோம். கழகம் வளர்க!